காலியாகத் திரும்பாத டப்பாக்கள்

என் அக்கா தி. நகரில் ஒரு பாத்திரக் கடையில் வேலை பார்த்தாள். பாத்திரத்தில் பெயர் வெட்டுகிற வேலை. பேனா மாதிரி ஒரு சின்ன மெஷின், அதன் வாலில் ஒரு வயர். அதை எவர்சில்வர் மேல் வைத்தால் கிர்ரென்று பல் கூசும். கல்யாண சீசனில் வீட்டுக்கு வந்த பிறகும் அவள் விரல்கள் கொஞ்ச நேரம் அதிர்ந்துகொண்டே இருக்கும். "டீயக் கைல குடுக்காதடா, கீழ வை. கை இன்னும் மெஷின்லயே கீது" என்பாள்.

நாங்கள் இருப்பது மயிலாப்பூரில், குளத்துக்குப் பின்பக்கம் ஒரு சந்துக்குள். ஒரே காம்பவுண்டு, வரிசையாகச் சின்னச் சின்ன வீடுகள், நடுவில் எல்லோருக்குமாக ஒரு தண்ணீர்க் குழாய். யார் புதுப் பாத்திரம் வாங்கினாலும் முதலில் எங்கள் வீட்டுக்குத்தான் வரும். அக்கா கடைக்கு எடுத்துப்போய்ப் பெயர் வெட்டிக்கொண்டு வருவாள். பெயர் முடிகிற இடத்தில் நாலு இதழோடு ஒரு குட்டிப் பூவும் போடுவாள். மூடியில் மட்டும் எதுவும் வெட்ட மாட்டாள். கேட்டால், "மூடி எங்கடா ஓடிடப்போவுது? பாத்திரத்தோடதான கீது" என்பாள். இந்த மூடி விஷயத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அக்கா காய்ச்சலென்று ஆஸ்பத்திரிக்குப் போனாள். திரும்பி வரவில்லை. அதைப் பற்றி இதற்கு மேல் எழுத எனக்கு வரவில்லை.

அம்மா நான் சின்னப் பையனாக இருந்தபோதே போய்விட்டாள். எனக்கு எல்லாம் அக்காதான். இப்போது வீட்டில் நானும் நைனாவும் மட்டும். என் அப்பாவை நான் நைனா என்றுதான் கூப்பிடுவேன். அவர் ஆட்டோ ஓட்டுகிறார். நான் பத்தாவதோடு படிப்பை விட்டவன், பைக்கில் சாப்பாடு டெலிவரி செய்கிறேன்.

காரியம் முடிந்த மறுநாளே நான் வண்டியை எடுத்துவிட்டேன். வீட்டில் இருக்க முடியவில்லை. அவள் சீப்பு, அவள் செருப்பு, அவள் பாதி சாப்பிட்டு மடித்து வைத்த கடலை மிட்டாய். வண்டியில் அதெல்லாம் இல்லை. ஒரு ஆர்டர் முடிந்தால் அடுத்த ஆர்டர். அடையாறு, மந்தைவெளி, தி. நகர், அசோக் நகர், திரும்ப அடையாறு. மற்ற பையன்கள் மர நிழலில் வண்டியைச் சாய்த்துவிட்டுப் பேசிக்கொண்டிருப்பார்கள். நான் நிற்கவே மாட்டேன். "வண்டியாவது கொஞ்சம் ஆறட்டும்டா" என்று நைனா சொல்வார். மழையிலும் ஓட்டினேன். சாப்பாட்டு மூட்டையை முதுகில் கட்டிக்கொண்டு நான் மட்டும் டீயில் ஓடினேன்.

அப்புறம் உடம்பு ஒவ்வொன்றாக மறுக்க ஆரம்பித்தது. படுத்தால் தூக்கம் வராது. வந்தாலும் எழும்போது யாரோ அடித்துப் போட்ட மாதிரி இருக்கும். போனில் ஆர்டர் சத்தம் கேட்டால் நெஞ்சு படபடவென்று அடிக்கும். மாடிப்படி பாதியிலேயே உட்கார்ந்துவிடுவேன். வாய் உப்பு உப்பு என்று கேட்கும், சோற்றைப் பார்த்தால் பிடிக்காது.

ஒருநாள் மத்தியானம் பனகல் பார்க் சிக்னல். பச்சை விழுந்தது. எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று தெரியவில்லை. தினமும் போகிற ரோடு. கால் தரையில் ஒட்டிக்கொண்டது, தூக்க வரவில்லை. பின்னால் ஹாரன். ஒரு ஆட்டோக்காரர் பக்கத்தில் வந்து தலையை நீட்டி, "யோவ்! வூட்ல சொல்ட்டு வந்தியா?" என்றார்.

மெட்ராஸில் தினம் நூறு பேர் நூறு பேரைக் கேட்கிற கேள்வி. எனக்கு மட்டும் அன்றைக்கு நேராகப் போய்க் குத்தியது. நான் தினமும் அக்காவிடம் சொல்லிவிட்டுத்தான் கிளம்புவேன். ஹெல்மெட்டுக்குள்ளேயே அழ ஆரம்பித்தேன். அந்த ஆட்டோக்காரர் பயந்துபோய்விட்டார். "அய்ய, நான் இன்னா சொல்ட்டேன்? தம்பி, தப்பா நெனச்சிக்காத" என்று அவரே இறங்கி வண்டியை ஓரம் கட்டினார். என் கூட வேலை பார்க்கிற நண்பனுக்குப் போன் போட்டதும் அவர்தான். நண்பன் வந்து, என் மூட்டையில் இருந்த பிரியாணியைச் சேர்க்க வேண்டிய வீட்டில் சேர்த்துவிட்டு, என்னை வீட்டில் சேர்த்தான்.

அதற்கப்புறம் படுக்கைதான். பல் தேய்த்துவிட்டு வந்தால் திரும்பப் படுக்க வேண்டும். அவ்வளவு அசதி.

நண்பன் யூடியூபில் உட்கார்ந்து ஆராய்ச்சி செய்துவிட்டு வந்தான்.

"மச்சி, உனுக்கு இன்னான்னு கண்டுபுட்ச்சிட்டேன். அட்ரினல் ஃபட்டீக்."

"இன்னாடா அது?"

"கிட்னி மேல தொப்பி மாதிரி ரெண்டு ஐட்டம் கீதாம். ஒடம்புக்கு அதாம்பா ஆக்சிலேட்டர். நீ நிக்காம முறுக்கிக்கினே இருந்தியா, கேபிள் அந்துபோச்சு."

மூலையில் உட்கார்ந்திருந்த நைனா, "கேபிள்தான? நிமிசத்துல மாத்திர்லாம். எங்க கீதுன்னு காட்டு, ஸ்பேனர் எட்த்தாறேன்" என்றார்.

அக்கா போன பிறகு அந்த வீட்டில் யாரோ ஒரு ஜோக் சொன்னது அதுதான் முதல் தடவை. சிரிக்க எனக்குத் தெம்பில்லை. ஆனால் ஜோக் என்று தெரிந்தது.

பெரிய ஆஸ்பத்திரிக்கு நைனா ஆட்டோவிலேயே கூட்டிப்போனார். ரத்தம் எடுத்தார்கள், எல்லா டெஸ்ட்டும் பார்த்தார்கள். டாக்டரம்மா ரிப்போர்ட்டைப் படித்தார். நான் அட்ரினல் ஃபட்டீக் என்று சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. "நெட்ல அப்படிச் சொல்றாங்க. அப்படி ஒரு வியாதி இருக்குன்னு நாங்க ஏத்துக்கறதில்ல. அந்தச் சுரப்பி நிஜமாவே வேலை செய்யலைன்னா அது வேற, டெஸ்ட்ல தெரிஞ்சிருக்கும். உங்களுக்கு எல்லாம் நார்மல்."

"ஆனா என்னால நிக்கக்கூட முடில மேடம்."

"நீங்க பொய் சொல்றீங்கன்னு நான் சொல்லலையே. ரொம்ப ஓடிட்டீங்க, ஓய்ஞ்சுபோயிட்டீங்க." அப்புறம் ரிப்போர்ட்டை மூடிவிட்டுக் கேட்டார்: "வீட்ல யாராவது தவறிட்டாங்களா?"

சொன்னேன்.

"அழுதீங்களா?"

"டைம் இல்ல மேடம்" என்றேன். நிஜமாகவே அப்படித்தான் சொன்னேன்.

நேரத்துக்குப் படு, நேரத்துக்குச் சாப்பிடு, டீயைக் குறை, காலை வெயிலில் உட்கார், கொஞ்சம் கொஞ்சமாக நட, திரும்ப வா, பேசுவதற்கு ஒரு ஆளைப் பார்க்க அனுப்புகிறேன் என்றார். வெளியே காத்திருந்த நைனா ஓடி வந்து கேட்டார், "இன்னா சொன்னாங்க?"

"எல்லாம் நார்மலாம்."

"அப்ப இன்னாத்துக்குடா செவுத்தப் புட்ச்சிக்கினு வர?"

நான் படுத்துவிட்டேன் என்று தெரிந்ததும் காம்பவுண்டு வேலையை ஆரம்பித்தது. பக்கத்து வீட்டு பாயம்மா குஸ்காவும் தால்ச்சாவும் அனுப்பினார். அவர் வீட்டுக்காரருக்குத் திருவல்லிக்கேணியில் தையல் கடை. எதிர் வீட்டு டீச்சர், சாந்தோம் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்துகிறவர், ரசமும் அவித்த முட்டையும் கொண்டுவந்தார். கோடி வீடு, மாடி வீடு, எல்லா வீட்டிலிருந்தும் வந்தது. எல்லாம் எவர்சில்வரில். தூக்கு, டப்பா, சம்படம், அடுக்கு.

என் வேலையில் கவரை நீட்டினால் கதை முடிந்தது. யாரும் எதையும் திருப்பித் தர வேண்டியதில்லை. அக்கம்பக்கத்தில் அப்படி இல்லையே. வந்த பாத்திரத்தைக் காலியாகக் கொடுக்கக் கூடாது. எதையாவது போட்டுத்தான் கொடுக்க வேண்டும். சாவு விழுந்த வீடு, வருஷம் திரும்புகிறவரை பலகாரம் கிடையாது. சோறு பொங்கக்கூட ஆளில்லை. நான் படுக்கையில், நைனாவுக்கு டீ மட்டும்தான் போடத் தெரியும்.

"டீய ஊத்திக் குடுத்துர்லாமா?" என்று நைனா ஒருநாள் யோசித்தார். "தூக்கு நெறைய டீ. பாயம்மா செருப்பால அடிப்பாங்க."

"சக்கர போட்டுக் குடுக்கலாமே நைனா."

"ஆமால்ல. நாளிக்கு வாங்கியாறேன்."

வாங்கி வரவில்லை. நானும் ஞாபகப்படுத்தவில்லை. பாத்திரங்கள் அடுப்பு மேடையில் நிரம்பி, பிரிட்ஜ் மேல் ஏறி, டிவிக்குப் பக்கத்தில் நின்று, கட்டிலுக்கு அடியில் புகுந்தன. "ரங்கநாதன் தெருவே நம்ம வூட்லதான்டா கீது" என்பார் நைனா. ஆனால் சர்க்கரை மட்டும் வரவில்லை.

உண்மையைச் சொல்கிறேன், அவை போக வேண்டாம் என்று எனக்கு இருந்தது. காலையில் ஜன்னல் வழியாக வெயில் உள்ளே வரும். படுத்த இடத்திலிருந்து பார்த்தால் ஒவ்வொரு பாத்திரத்திலும் அக்காவின் பூ மினுங்கும். கையை நீட்டித் தடவினால் விரலில் சொரசொரவென்று படும். பெயர்கள் வேறு வேறு வீட்டுக்காரர்களுடையவை. எழுத்து அவளுடையது. எங்கள் வீட்டுப் பாத்திரங்கள் எல்லாம் அம்மா காலத்துப் பித்தளையும் அலுமினியமும். அவள் வெட்டிய பாத்திரம் எங்களிடம் ஒன்றுகூட இல்லை. நானுண்டு, அந்த டப்பாக்கள் உண்டு என்று கிடந்தேன். அழுகையும் அப்போதுதான் வந்தது, ஒழுங்காக, சத்தமாக. அழுது முடித்தால் தூக்கம் வந்தது. அது நல்ல தூக்கம்.

கார்த்திகை பிறந்தது. காற்று கொஞ்சம் சில்லென்று ஆயிற்று. ஒரு மத்தியானம் பாயம்மா வைத்துவிட்டுப் போன குஸ்காவைத் திறந்தேன். பட்டை, புதினா வாசனையோடு ஆவி முகத்தில் அடித்தது. வாயில் எச்சில் ஊறியது. இது என்ன என்று முதலில் எனக்கே தெரியவில்லை. பசி! ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டேன். டப்பாவின் மூலையையும் வழித்தேன்.

நைனா வந்து திறந்து பார்த்தார். "எனுக்கு எங்கடா?"

"தீந்துபோச்சு நைனா."

அவர் டப்பாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு வாசலுக்குப் போய் ஊரே கேட்கும்படி கத்தினார்: "பாயம்மா! பையன் மொத்தத்தையும் துன்ட்டான்!"

சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "அல்ஹம்துலில்லாஹ்!" என்று குரல். எதிர் வீட்டிலிருந்து டீச்சர், "ஸ்தோத்திரம்!" என்றார். மாடியிலிருந்து யாரோ விசிலடித்தார்கள். சாப்பிட்டதற்கு விசில் வாங்கியவன் நானாகத்தான் இருப்பேன்.

அதற்கப்புறம் நடக்க ஆரம்பித்தேன். முதலில் குழாயடி வரை. அப்புறம் சந்து முனை. அப்புறம் குளத்தங்கரை. வழியில் பூக்கட்டுகிறவர்கள் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுத் திரும்புவேன். சில நாள் நன்றாக இருக்கும், அடுத்த நாள் திரும்பவும் படுத்துவிடுவேன். ஒரு காலையில் பீச் வரைக்குமே போய்விட்டேன். மணலில் உட்கார்ந்தேன். முகத்தில் வெயில். நான் எங்கேயும் எதையும் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டியதில்லை. சும்மா உட்கார்ந்திருப்பது இவ்வளவு ருசியாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது. திரும்பும்போது நடக்க முடியாமல் நண்பனுக்குப் போன் போட்டேன். "ஒரு மனுசன், பீச்லேந்து மைலாப்பூர். டெலிவரி சார்ஜ் யாரு குடுப்பா?" என்று திட்டிக்கொண்டே வந்தான்.

கிறிஸ்துமஸுக்குக் கொஞ்ச நாள் முன்பு டீச்சர் எங்கள் வாசலில் வந்து நின்றார்.

"தம்பி, ஒண்ணு கேக்கணும். கேக்கவே கூச்சமா இருக்கு."

"சொல்லுங்க டீச்சர்."

"கிறிஸ்துமஸ் பலகாரம், கல்கல் போடணும்ப்பா. போட்டு வைக்கிற என் பெரிய சம்படம்..."

அதற்குள் பின்னால் பாயம்மா வந்துவிட்டார். "கூச்சம் இன்னா டீச்சர் கூச்சம்? பேட்டா, எங்க வூட்ல ஒரு ஏனம் கெடையாது. சால்னா ஊத்த ஒரு ஏனம் இல்ல. நேத்து எங்க வூட்டுக்காரரு குக்கர் மூடியத் திருப்பிப் போட்டு அதுல துன்னாரு!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கதவைச் சாத்தியதும் சிரிப்பு நின்றுவிட்டது. சுற்றிலும் அந்தப் பூக்கள். எல்லாம் போனால் சுவரும் வெறும் மேடையும்தான் மிச்சம். திரும்பவும் பழைய மாதிரி படுத்துவிடுவேனோ என்று பயமாக இருந்தது. நைனா வந்ததும் சொல்லிவிட்டேன். "எனுக்குக் குடுக்க மனசே வர்ல நைனா. எல்லாத்துலயும் அக்கா கீறா."

அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "நான் மட்டும் இன்னா? சக்கர வாங்கன்னு எத்தினி தபா கடைக்குப் போனேன் தெர்மா? பீடி வாங்கிக்கினு வந்துர்வேன்."

இரண்டு பேரும் டப்பாக்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்தோம். அப்புறம் அவர்தான் சொன்னார், "குக்கர் மூடில துன்றாராம்டா அந்த மனுசன். உங்கக்கா மட்டும் இருந்திருந்தா நம்ம ரெண்டு பேரையும் ஒதச்சிருப்பா."

உதைத்திருப்பாள். அதில் சந்தேகமே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை எலுமிச்சம்பழ சாதம் செய்வதென்று முடிவாயிற்று. பலகாரம் கிடையாது, வெறும் சாதம், யாரும் குறை சொல்ல முடியாது. கோடி வீட்டிலிருந்து பெரிய குண்டானைக் கேட்டு வாங்கினோம். அங்கே மிஞ்சியிருந்ததே அது ஒன்றுதான். நைனா பழம் பிழிந்தார், விதையோடு. நண்பன் வேர்க்கடலை வறுத்தான், கருக்கினான். "டார்க் ரோஸ்ட் மச்சி" என்றான். நான் நடுநடுவே கட்டிலில் படுத்து எழுந்து தாளித்தேன். உப்பு மட்டும் கச்சிதமாக இருந்தது. உப்புக்கு ஏங்கிய வாய்க்கு உப்பு தெரியாதா?

பாத்திரங்களை ஒவ்வொன்றாகத் தேய்த்துக் கழுவித் துடைத்தேன். துடைக்கும்போது ஒவ்வொரு பூவையும் கட்டை விரலால் ஒரு தடவை தடவினேன். சாதத்தை நிரப்பினேன். கைக்குக் கிடைத்த மூடியை எடுத்து மூடினேன்.

நண்பன் தன் டெலிவரி மூட்டையைக் கொண்டுவந்திருந்தான். அதில் அடுக்கி, முதுகில் மாட்டிக்கொண்டு, பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி, "மேடம், ஆர்டர்!" என்றான்.

பாயம்மா எட்டிப் பார்த்தார். "இன்னாடா கூத்து இது?"

"ஓடிபி சொல்லுங்க மேடம், அப்பதான் குடுப்பேன்."

"தொடப்பக்கட்ட கீது, அதுல சொல்லட்டுமா?"

டீச்சர் வீட்டில் அவர் கதவை விட்டு நகரவே இல்லை. "யார் கேட்டாலும் ஓடிபி சொல்லக் கூடாதுன்னு பேங்க்ல சொல்லியிருக்காங்க தம்பி" என்று சீரியஸாகச் சொன்னார். அப்புறம் அவரே சிரித்துவிட்டார்.

எல்லாக் கதவும் தட்டி முடித்துவிட்டு நாங்கள் குழாயடித் திட்டில் உட்கார்ந்தோம். மூச்சு வாங்கியது. அப்போது பாயம்மா வீட்டிலிருந்து சத்தம்.

"டேய்! இது எங்க மூடி இல்லடா!"

மாடியிலிருந்து, "இங்கயும் உள்ள வுழுந்துட்ச்சு!"

"டீச்சர், உங்க மூடில கொமிழ் இருக்குமா?"

"என்னோடது தட்டை மூடிப்பா. இது யார்து?"

பெயர் பாத்திரத்தில் மட்டும்தானே இருந்தது. மூடி ஒன்றைக்கூட நான் சரியாகப் போடவில்லை. எல்லோரும் டப்பாவும் கையுமாகக் குழாயடிக்கு வந்துவிட்டார்கள். இதைப் போட்டுப் பார், அதைப் போட்டுப் பார் என்று ஒரே கலகல சத்தம். ஒரு மூடி மாட்டிக்கொண்டு வரவே மாட்டேன் என்றது, பாய் பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தார். நின்றபடியே எல்லோரும் எலுமிச்சை சாதத்தை ஒரு வாய், இரண்டு வாய் என்று அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார்கள். "வெத கட்ச்சா பல்லு போவுது, ஆனா நல்லாத்தான் கீது" என்றார் பாய்.

பாயம்மா ஒரு மூடியைத் தூக்கிப் பிடித்து, "அந்தப் பொண்ணு மூடிலயும் பேரு வெட்டியிருந்தா இந்த ரோதன உண்டா? எத்தினி வாட்டி சொல்லியிருப்பேன்!" என்றார்.

அக்கா போனதிலிருந்து என் காது கேட்க அவளைப் பற்றிக் காம்பவுண்டில் யாரும் இப்படிச் சாதாரணமாகப் பேசியதில்லை. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"மூடி எங்க ஓடிடப்போவுதுன்னு சொல்வா" என்றேன்.

"ஆங்! அதேதான் எங்கிட்டயும் சொன்னா!" என்றார் டீச்சர். "எனக்கும்!" என்றது மாடி. அப்புறம் ஆளுக்கொன்றாகச் சொல்ல ஆரம்பித்தார்கள். பேரம் பேசி அவள் வாங்கிக் கொடுத்த குக்கர், குழாயடிச் சண்டையில் அவள் கொடுத்த பதில், பாய் பெயரைத் தப்பாக வெட்டிவிட்டு "இது புது ஸ்டைல் பாய்" என்று சமாளித்தது. பாயம்மா சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தார். நைனா வெளிப்படையாகவே அழுதார், சிரித்தார், இரண்டையும் சேர்த்துச் செய்தார். இருட்டுகிறவரை மூடி தேடினோம்.

அன்றைக்கும் அசதிதான். ஆனால் இது வேறு அசதி. படுத்ததும் தூங்கினேன், காலையில் எழுந்தபோது தூங்கிய மாதிரி இருந்தது. மேடை வெறுமையாகத்தான் இருந்தது. பார்த்தேன், கஷ்டமாகத்தான் இருந்தது. பல் தேய்த்தேன், திரும்பப் படுக்கவில்லை.

வெறுமை மத்தியானம் வரைதான். பாயம்மா வீட்டுத் தூக்கு கீமாவோடு வந்து உட்கார்ந்துவிட்டது. கிறிஸ்துமஸ் காலையில் டீச்சர் புதுப் புடவையில் அந்தப் பெரிய சம்படத்தை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்தார். உள்ளே கழுத்து வரை கல்கல். சங்கு சங்காக, சர்க்கரை பூத்து. அவர் பெயருக்குப் பக்கத்தில் நாலு இதழ்ப் பூ வெயிலில் மினுங்கியது. மூடியும் அவருடையதேதான், உறுதிப்படுத்திக்கொண்டேன்.

இப்போது மத்தியான வேளை மட்டும் வண்டி எடுக்கிறேன், அதுவும் அடையாறு பக்கம் மட்டும். சாயங்காலமானால் ஆப்பை அணைத்துவிடுவேன். கிளம்பும்போது அக்கா போட்டோவிடம் சொல்லிவிட்டுத்தான் போகிறேன்.

அந்தக் கிறிஸ்துமஸ் வாரம் முழுக்க நைனாவும் நானும் கல்கல்லை நொறுக்கிக்கொண்டே சம்படத்தைக் காலி செய்தோம். கடைசிக் கல்கல்லை எனக்குக் கொடுத்துவிட்டு, நைனா சம்படத்தைத் திருப்பிப் பூவைத் தடவிப் பார்த்தார்.

"இதையும் வெச்சிக்கப்போறியா?"

"இல்ல நைனா. குடுத்தாதான அடுத்த வருசம் கல்கல் வரும்."

"சரி, இன்னா போட்டுக் குடுக்கறது?"

நான் யோசித்தேன். அவரும் யோசித்தார். சம்படத்தின் ஆழத்தை ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு, மெதுவாகக் கேட்டார்.

"டீ?"